மலையில்லாத ஊருக்கு மலையேறும் கியர்

மெதுவாகப் போவதற்காக நான் செய்த பயணங்களில் இவ்வளவு அவசரமானது வேறு எதுவும் இல்லை. சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. ஆவணி முடிவதற்குள் நான் மட்டக்களப்பில் நின்றாக வேண்டும் என்று எங்கள் பட்டறை முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். "வெள்ளைக்காரங்க நிறுவனம் பாத்துக்க. நேரத்துக்குப் போகலைன்னா அடுத்த ஆர்டர் வராது" என்றார். அப்படி என்னங்க அவசரம் என்று கேட்டேன். "வண்டி மெதுவாப் போகோணுமாம்" என்றார்.

கோயம்புத்தூரில் இருபது வருஷமாகக் கியர் பெட்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டியில் வழக்கமான கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பெட்டியைச் செருகினால் வண்டி இன்னும் மெதுவாக, இன்னும் பலமாக இழுக்கும். பாறையில் ஏறுவதற்கும், செங்குத்தான பாதையில் பிரேக்கைத் தொடாமல் இறங்குவதற்கும் அதுதான் வேண்டும். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வண்டிகளுக்கு எத்தனையோ மாட்டியிருக்கிறேன். அந்த மூன்றாவது பெட்டியைத்தான் மரப்பெட்டியில் ஆணியடித்துக் கொண்டுபோனேன்.

வந்த வழியை விட்டுவிடுகிறேன். கொழும்பிலிருந்து ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் மரப்பெட்டியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். டிக்கெட் வாங்கிய மரியாதைக்குப் பெட்டிக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எனக்குப் பாதி இருக்கை, மீதிப் பாதியில் ஒரு அம்மாவின் கோழிக்கூடை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸாக இருந்தால் கோழிக்கும் டிக்கெட் போட்டிருப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் இலங்கை முன்னேறியிருக்கிறது.

சோதனைச் சாவடி வந்ததும் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அவரவர் மூட்டையை அவரவர் தூக்கிக்கொண்டு நூறு அடி நடக்க வேண்டும் என்பது சட்டம். வார்ப்பிரும்பைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் நடந்த நடையைப் பார்த்து ராணுவ அதிகாரிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சிங்களத்தில் கேட்க, கண்டக்டர் தமிழில் சொன்னார்.

"இது என்ன?"

"கியர் பாக்ஸுங்க."

"எதற்கு?"

"வண்டி மெதுவாப் போறதுக்குங்க."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த நாட்டில் எல்லா வண்டியும் மெதுவாகத்தான் போகிறது. அதற்கு இந்தியாவிலிருந்து சாமான் வர வேண்டுமா?"

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. பெட்டியைப் பிரித்தார்கள். ஒரு சிப்பாய் தள்ளி நின்று குச்சியால் பல்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. வெடிக்கவில்லை. போகச் சொல்லிவிட்டார்கள்.

மட்டக்களப்பில் என்னைக் கூட்டிப்போக வந்தவன் யோகன். அந்த நிறுவனத்தின் டிரைவர், முப்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். "நீங்கதானே கியர் அண்ணன்? வாங்க, முதல்ல சாப்பிடுவம்" என்று கடைக்குக் கூட்டிப்போனான். பிட்டு, எருமைத் தயிர், மேலே சீனி. நான் எங்கள் ஊர் நினைப்பில் கடலைக்கறி கேட்டேன். கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மீன் ஆணம் கொண்டுவந்து ஊற்றினார். அடடா! தேங்காய்ப்பாலில் கொதித்த மீனுக்கு முன்னால் கடலை ஒரு பேச்சா? நான்கு நாள் தங்கியதில் அந்தக் கடையில் ஏழு தடவை சாப்பிட்டேன்.

ஊரெங்கும் சுனாமி நிவாரணத்துக்கு வந்த வெள்ளை வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கொடி, ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நாடு. தெருமுனைக்குத் தெருமுனை பெயர்ப்பலகைகள். ஒரு கக்கூஸ் வாசலில் மட்டும் நான்கு பலகைகளைப் பார்த்தேன். குழி வெட்டியவர், சுவர் எழுப்பியவர், கதவு போட்டவர், கை கழுவச் சொல்லிக்கொடுத்தவர் என்று நால்வர். கதவில் பூட்டுத் தொங்கியது. திறப்பு விழாவுக்கு ஆள் வர வேண்டுமாம்.

என்னை வரவழைத்த நிறுவனத்தின் அதிகாரி ஹென்ரிக். பனிமலை நாட்டுக்காரர், நல்ல மனிதர், வெயிலில் வெந்து தக்காளி நிறத்தில் இருந்தார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் அந்த வாரம்தான் அடுத்த தெரு நிறுவனத்துக்குத் தாவியிருந்தார். அங்கே சம்பளத்தோடு செல்போனும் கொடுத்தார்களாம். என் இங்கிலீஷைக் கேட்ட ஹென்ரிக் அந்த நொடியே என்னை மொழிபெயர்ப்பாளராகவும் ஆக்கிவிட்டார். செல்போன் தரவில்லை.

"மலை எங்கே இருக்கிறது?" என்று அவரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். பட்டியலில் மலை இல்லை. யோகன்தான் வாவி என்று அங்கே சொல்கிற உப்பங்கழிக்கு அப்பால் மேற்கே கைநீட்டினான். "வானம் வெளிச்சா அங்கால குடும்பிமலை தெரியும் அண்ணன்."

"அங்கே போகத்தான் இந்த வண்டியா?"

"ஐயோ, அது அவங்கட பக்கம்."

அந்த ஊரில் யாருக்கும் யாருடைய பெயரையும் சொல்லும் பழக்கம் இல்லை. அவங்க, இவங்க, மற்றவங்க என்று மூன்று சொல்லில் போர் முழுவதையும் பேசி முடித்துவிடுகிறார்கள். எவர் எவர் என்று நான் கேட்டதற்கு யோகன், "பறையாம வாங்க அண்ணன்" என்று என் வாயை அடைத்தான்.

விஷயம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இந்த நிறுவனம் இதற்கு முன்னால் எங்கேயோ மலைநாடு ஒன்றில், பூகம்பம் நடந்த இடத்தில் வேலை செய்திருக்கிறது. அங்கே வண்டிக்கு என்னென்ன வாங்கினார்களோ, அந்தப் பட்டியலை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். சாமான் அறையில் பனியில் சறுக்காமலிருக்க டயரில் சுற்றும் சங்கிலிகளே எட்டு இருந்தன. அதில் ஒன்றால்தான் காவலாளி வெளிக்கதவைப் பூட்டுகிறார். மட்டக்களப்போ கழுவிக் கவிழ்த்த தாம்பாளம் மாதிரி தட்டை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல், மேலே தென்னை. கியர் பெட்டியைச் சுமந்துவந்த என் முதுகு அன்றைக்கு என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பெட்டியை வண்டியில் மாட்டக் காத்தான்குடியில் ஜலீல் காக்காவின் பட்டறைக்குப் போனோம். காக்கா என்றால் அங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். அறுபதை நெருங்கிய மனிதர். வளைகுடாவில் இருபது வருஷம் பாலைவன வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பெட்டியைத் திறந்து, பல்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். "மலைக்கு மாட்டுற சாமானைக் கடல்கரைக்குக் கொண்டு வந்திரிக்கீங்க. அதுக்கென்ன தம்பி, வந்த சாமானை மாட்டாம அனுப்பலாமா? முதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றார். நான் வேலை செய்த பட்டறைகளிலெல்லாம் ஸ்பேனரை எடுத்த பிறகுதான் டீ வரும். இங்கே டீ வராமல் ஸ்பேனர் வராது.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்பெட்டியைக் கழற்றி இறக்கினோம். கடல் காற்றில் போல்ட்டுகள் துருவேறி, ஒவ்வொன்றும் பிரசவம் பார்ப்பது போல வெளியே வந்தது. புதுப்பெட்டியை நடுவில் வைத்து முடுக்கினோம். அச்சு நேராக உட்கார்ந்தது. அப்போது எனக்குள் ஒரு கர்வம் வந்தது பாருங்கள், அது அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. நடுவில் ஒரு பெட்டி நுழைந்ததால் பழைய பின்பெட்டி நான்கு விரற்கடை பின்னால் போய்விட்டது. ஆகவே முன்சக்கரத்துக்குப் போகும் இழுவைத்தண்டு நான்கு விரல் குட்டை, பின்சக்கரத்துக்குப் போவது நான்கு விரல் நீளம். இது தெரிந்த கதைதான். அதற்காகவே அளவெடுத்த தண்டுகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆனால் ஒரு வரிசை இருக்கை உள்ள வண்டி என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இங்கே நின்றது இரண்டு வரிசை வண்டி. என் தண்டுகள் எதற்கும் உதவவில்லை. கோயம்புத்தூரிலேயே சரிபார்க்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"கோவிக்காதீங்க தம்பி" என்றார் ஜலீல் காக்கா. பின்தண்டில் நான்கு விரலை அறுத்தார். அறுத்த துண்டை முன்தண்டில் வைத்தார். உள்ளே பொருந்துகிற குழாய் ஒன்று வேண்டும். பட்டறைக்குப் பின்னால் கடல் அடித்துக் கொண்டுவந்து போட்ட ஒரு வேன் கிடந்தது. அதன் சொந்தக்காரர் யாரென்று இன்னும் தெரியவில்லையாம். காக்கா அதன் அருகில் போய் நின்று, உதடு அசைய ஏதோ ஓதிவிட்டுத்தான் குழாயை அறுத்தார். உள்ளே குழாயைச் செருகிச் சுற்றிலும் வெல்டிங் வைத்தார். நடுவில் மூன்று தரம் கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் திட்டுவார்கள். இங்கே உடனே இன்னொரு தேத்தண்ணி வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தரையில் ஓட்டை போட்டு மூன்றாவது நெம்புகோலையும் நிறுத்திவிட்டோம். டிரைவர் பக்கத்தில் இப்போது மூன்று கம்பிகள் வரிசையாக நின்றன. யோகன் மூன்றையும் தாழ்த்தி, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டான். இன்ஜின் சத்தம் போட்டது. வண்டி நகர்கிறதா இல்லையா என்று நான் டயரைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

காத்தான்குடிப் பெருந்தெருவில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு கோழி எங்களை முந்தியது. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களோடு பேசிக்கொண்டே வருவதற்காக இறங்கி உருட்டினார், அப்படியும் இரண்டு தடவை நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். "என்னகா, வாகனம் ஓடுதா நிக்கிதா?" என்று கடைவாசலிலிருந்து ஒருவர் கேட்டார். "ஓடுது காக்கா, பின்னேரம் உங்கட கடைக்கு வந்திரும்" என்றான் யோகன். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து, எங்களுக்குப் பின்னால் சேர்ந்த வரிசையைக் காட்டி, ஓரங்கட்டச் சொன்னார். ஓரங்கட்டுவதற்கும் நேரம் எடுத்தது.

வேலை முடிந்தது, மூட்டை கட்டலாம் என்று பார்த்தால் பட்டறைக்கு வந்த ஹென்ரிக் ஒரு படிவத்தை நீட்டினார். சரிவில், பாரத்துடன், வண்டி ஏறிய புகைப்படம் இல்லாமல் கோப்பை மூட முடியாதாம். சரிவுக்கு எங்கே போவது? கல்லடிப் பாலம் தட்டை. வேகத்தடையைச் சரிவாகக் கொள்ளலாமா என்று நான் கேட்டதை அவர் ஒரு நொடி யோசித்துப் பார்த்தார் என்பதுதான் கொடுமை. "குளக்கட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன். "உன்னிச்சைக் குளக்கட்டு இரிக்கி. ஏறினா விவசாயிமார் வெட்டிப்போடுவாங்க" என்றார் ஜலீல் காக்கா. அப்போது யோகன் கையைப் பிசைந்துகொண்டு சொன்னான், "பெரியகல்லாத்துக் கடற்கரை நல்ல சரிவு சேர். நாளைக்குக் காலையில போவம். நாளைக்கே போவம்."

நாளைக்கே என்று அவன் இரண்டு முறை சொன்னதை நான் கவனித்தேன். ஹென்ரிக் கூட்டம் ஒன்றை முடித்துக்கொண்டு வேறு வண்டியில் வருவதாகச் சொன்னார்.

நான்காம் நாள் விடிந்ததும் தெற்கே கிளம்பினோம். வலது பக்கம் வாவியில் தோணிகள், இடது பக்கம் வீடுகளின் அடித்தளங்கள் மட்டும். யோகன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். களுவாஞ்சிக்குடி தாண்டியதும், "அண்ணன், உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்" என்றான்.

"சொல்லு தம்பி."

"இந்தக் கியர் வேணாமெண்டு சேர் பட்டியல்ல வெட்டத்தான் பாத்தவர். நான்தான் கட்டாயம் வேணும், இது இல்லாட்டி வாகனத்தால பிரயோசனமில்லையெண்டு சொன்னது. உங்கள இந்தியாவுல இருந்து எடுப்பிச்சது நான்தான்."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. "ஏன்டா?" என்று மட்டும் கேட்டேன்.

அவனுடைய அண்ணன் பெரியகல்லாற்றில் கரைவலைக்காரர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனையிலும் நீண்ட கயிறு இருக்கும். வடக்குக் கயிற்றை ஒரு கூட்டமும் தெற்குக் கயிற்றை ஒரு கூட்டமும் கரையில் நின்று இழுப்பார்கள். வடக்குக் கயிற்றுக்காரர் பதினேழு பேரும் கடலோரத்தில் ஒரே ஒழுங்கையில், எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே சந்தில், குடியிருந்தவர்கள். சுனாமி அந்தப் பதினேழு பேரையும் ஒழுங்கையின் பெரும்பாலான வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. அண்ணனும் போனார். வலைக்கென்று மிஞ்சியவர்கள் அண்ணன் மனைவி தங்கேஸ்வரியும், வயல் பக்கம் குடியிருந்த தெற்குக் கயிற்றுக்காரர்களும்.

கரையில் வலை இழுக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். முறைபோட்டு ஒவ்வொரு வலைக்காரருக்கும் ஒரு நாள் வரும். ஒரு பருவம் முழுக்க ஒரு தடவையாவது வலையைக் கரை சேர்க்காதவரின் பாட்டை மீனவர் சங்கம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். "நாளையோட கடல் பொங்கிரும் அண்ணன். மச்சாளுக்கு இண்டைக்குத்தான் கடைசி முறை. இண்டைக்கு வலை கரைக்கு வராட்டி பாடு போயிரும். மறுகா அவவுக்கு அந்தக் கரையில ஒண்டுமில்ல."

ஆள் பிடிக்கக் கூடாதா என்றேன். வடிகால் துப்புரவாக்க நிறுவனங்கள் நாட்கூலி கொடுக்கும்போது, மீன் பட்டால் பங்கு என்ற வேலைக்கு யார் வருவார்கள்? உதவி வரவில்லையா என்றேன். வந்ததே! மூன்று நிறுவனங்கள் மூன்று படகுகள் கொடுத்தன. தங்கேஸ்வரியின் வளவில் அவை கவிழ்ந்து கிடந்ததைப் பிறகு பார்த்தேன். ஒன்றில் கோழி அடைகாத்தது. போன மாதம் ஒரு டிராக்டரைக் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது எவ்வளவு மெதுவாகப் போனாலும் தெற்குப் பக்கத்து மனிதர்களை விட வேகம். ஒரு பக்கம் முந்தி வந்து வலை கோணி, மீன் சேரும் மடி கிழிந்து, இருந்த மீனும் போய், கிழிசலைப் பொத்தவே பல நாள் ஆகியிருக்கிறது.

"மனுசர் இழுக்கிற வேகத்துல போற வாகனம் வேணும் அண்ணன்" என்றான். "மீன்பிடிக்கு வாகனம் பாவிச்சா என்ட வேலை போயிரும். சேர் வந்து கேட்டா, நீங்கதான் மொழிபெயர்ப்பு."

கடற்கரையில் தெற்குக் கயிற்றுக்காரர்கள் தயாராக நின்றார்கள். வலை ஏற்கெனவே கடலில் இறங்கியிருந்தது. வலையை நடத்துகிற தண்டயல் சீனித்தம்பி, கறுத்து இறுகிய மனிதர், வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "ட்ராக்டர் வந்து கிழிச்சது காணும். இது என்னத்தைக் கிழிக்க வந்திரிக்கி?" என்றார். தங்கேஸ்வரி ஈரப் பாவாடையோடு கயிற்றருகில் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். "தண்டயல், நான் சொல்லுறன், கட்டுங்க" என்றார். சங்கத்து ஆள் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். அவர் வலையைப் பார்க்கவில்லை, முறை முடிய எவ்வளவு நேரம் என்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டயர்களில் பாதிக் காற்றை இறக்கினேன். மணலில் காற்றில்லாத டயர்தான் பிழைக்கும். வடக்குக் கயிற்றைக் கொக்கியில் கட்டினார்கள். யோகன் மூன்று கம்பிகளையும் தாழ்த்தினான். தெற்கே, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுத் தொடங்கியது. வண்டி சரிவில் ஏறியது. கயிறு விறைத்தது. நான்கு அடி போவதற்குள் சீனித்தம்பி கையைத் தூக்கிவிட்டார்.

"கெதி! கெதி! கோணுது!"

இதற்குமேல் தாழ்த்த கியர் கிடையாது. கடல் கடந்து கொண்டுவந்ததும் வேகம்தானா? அப்போதுதான் யோகனின் காலைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான். "காலை எடுடா! மடியிலே வெச்சுக்க! இன்ஜின் தானா இழுக்கும்!" என்று கத்தினேன். அவன் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டான். வண்டி முனகிக்கொண்டே, தெற்கே பாடுகிற மனிதர்கள் ஒரு அடி எடுத்து வைக்கும்போது தானும் ஒரு அடி ஏறியது. சீனித்தம்பியின் கை மெல்லக் கீழே இறங்கியது.

நாற்பது அடி ஏறினால் தென்னைகள் வந்துவிடும். மறுபடி பின்னால் இறங்கிக் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டும். அதுவரை வடக்குக் கயிற்றைப் பிடித்திருக்க ஆள் வேண்டும். அந்தக் கரையில் பெண்கள் வலைக்கயிற்றைத் தொடுவதில்லை. தங்கேஸ்வரி போய்ப் பிடித்தார். ஒழுங்கையில் எஞ்சிய வீடுகளிலிருந்து வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால் வந்து பிடித்தார்கள். சீனித்தம்பி பார்த்தார், பிறகு கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படி எத்தனை ஏற்றம், எத்தனை இறக்கம்! ஒவ்வொரு தடவையும் நான் வண்டிக்கடியில் குனிந்து, சொந்தக்காரன் தெரியாத வேனின் குழாயைப் பார்த்தபடி முருகா முருகா என்று நடந்தேன்.

பாதியில் ஹென்ரிக் வந்து இறங்கினார். யோகனின் முகத்தில் ரத்தம் இல்லை. ஹென்ரிக் சரிவைப் பார்த்தார், ஏறுகிற வண்டியைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார்.

"பாரம் என்ன?"

"நனைந்த வலை" என்றேன்.

"இந்த மக்கள் யார்?"

"மக்கள் பங்கேற்பு."

"பெண்களும் இருக்கிறார்களே!"

"அதைத் தனியாக ஒரு பத்தி எழுதலாம்" என்றேன். ஹென்ரிக்கின் கண் கலங்கிவிட்டது. நாலு மாதமாக அவர் தலைமை அலுவலகத்துக்கு எழுத முடியாமல் தவித்த பத்தி அது. வலைக்குள் மீன் இருக்குமா என்று மட்டும் சந்தேகமாகக் கேட்டார். கடலில் நனைத்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும் என்று சொன்னேன். இருபது வருஷத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பத்து மணி வெயிலில் மடி கரைக்கு வந்தது. கோணவில்லை, கிழியவில்லை. உள்ளே மீன் வெள்ளியாகத் துள்ளியது. தெற்குக் கயிற்றுக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். யோகன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமலே உட்கார்ந்து அழுதான். குடைக்காரர் தங்கேஸ்வரியிடம் வந்து, "உன்ட பாடு உனக்குத்தான் பிள்ள" என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்கினார். அவர் முகத்திலும் பாரம் இறங்கியது தெரிந்தது.

மீனில் பாதி வலைக்கு, பாதி இழுத்தவர்களுக்கு, அந்தப் பாதியில் கயிற்றுக்குக் கயிறு சமம் என்பது அங்கே வழக்கம். தெற்குக் கயிற்றின் பங்கைப் பிரித்தாயிற்று. வடக்குக் கயிற்றின் பங்கு மணலில் குவிந்து கிடந்தது. "வாகனம் மீன் தின்னுமா? இது ஆருக்கு?" என்று சீனித்தம்பி கேட்டார். மீன் வாங்க வந்து நின்ற வியாபாரி அதையும் சேர்த்து நிறுக்கத் தராசைக் கொண்டுவந்தார்.

தங்கேஸ்வரி தராசை நகர்த்தச் சொன்னார். "அது வடக்குக் கயித்துக்காரங்கட பங்கு. அவங்களுக்குத்தான்" என்றார். குனிந்து தானே கூறு போட்டார். பதினேழு கூறு. சீனித்தம்பி நிமிர்ந்து நின்று, இழுத்தவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். அந்தந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஒருவர் மனைவி, ஒருவர் தங்கை, ஒருவர் தகப்பன். சேலைத் தலைப்பிலும் சட்டியிலும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடைசிக் கூறு ஒன்று மணலில் இருந்தது. "கந்தையா" என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அந்த வீட்டில் வந்து வாங்குவதற்கு ஒருவருமே மிஞ்சவில்லை என்று யோகன் என் காதில் சொன்னான். தங்கேஸ்வரி காகங்களைக் கையால் விரட்டிக்கொண்டு கூறுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

ஹென்ரிக் படிவத்தை மடித்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த மீன் யாருடையது?"

"கந்தையா என்பவருடையது."

"அவர் எப்போது வருவார்? வேண்டுமானால் நம் வண்டியை அனுப்பிக் கூட்டிவரலாமே?"

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். தங்கேஸ்வரி அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அவர் என்னவாம் கேக்கிறார் அண்ணன்?" என்றார்.

"மீன் நல்லா இருக்குதாமுங்க அம்மணி" என்றேன்.